கீழ்பென்னாத்தூரில் படம் நிற்கிறது

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
12-6-2002

அன்புள்ள தென்றல்,

உன் ஆபீஸ் ஈமெயிலுக்கு இரண்டு தடவை எழுதினேன். இரண்டும் திரும்பி வந்துவிட்டன. கீழ்பென்னாத்தூரில் உங்கள் வீட்டுக்குப் போன் செய்து உன் அண்ணன் பரசுராமனிடம் இந்த விலாசத்தை வாங்கினேன். என் குரலைக் கேட்டதும் அவர், "நல்லா இருக்கியாம்மா?" என்றார். இருக்கேன் என்றேன்.

சக்கரவர்த்தி விபத்தில் போய் நான் தனியானபிறகு நீ அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதங்கள் எல்லாமே வந்து சேர்ந்தன. எதற்கும் நான் பதில் போடவில்லை. அதைப் பற்றி இப்போதும் எழுத வரவில்லை. இது வேலை விஷயம். கோபம் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு.

இங்கே ஒரு டிரஸ்ட் நடத்தும் கம்ப்யூட்டர் டிப்ளமோ சென்டரில் ஒரு வருஷமாக வேலை பார்க்கிறேன். கீழ்பென்னாத்தூரிலும் செங்கத்திலும் கிளை இருக்கிறது. அங்கெல்லாம் வாத்தியார் கிடைப்பதில்லை என்பதால், இங்கே ஓர் அறையில் நான் பாடம் நடத்த, அது லீஸ்டு லைன் என்கிற தனி டெலிபோன் கம்பி வழியாக அந்த ஊர்களில் கம்ப்யூட்டர் திரையில் தெரியும்படி ஏற்பாடு. மல்டிகாஸ்ட் என்று ஒன்றை வைத்துச் செய்திருக்கிறார்கள். செங்கத்தில் சரியாக ஓடுகிறது. கீழ்பென்னாத்தூரில் நாலு நிமிஷம் ஓடியதும் படம் நின்றுவிடுகிறது. மூடித் திறந்தால் மறுபடி நாலு நிமிஷம். அப்புறம் அதே கதை.

ரௌட்டரைப் போட்டுக் கொடுத்த கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. எம்.சி.ஏ. படித்தவள்தானே என்று செயலாளர் கோதண்டராமன் சார் இதை என் தலையில் கட்டிவிட்டார். வேலூர் ஹாஸ்டலில் நெட்வொர்க் பரீட்சைக்கு முந்தின நாள் நீ சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் நான் பாஸ் செய்தேன். உனக்கே தெரியும்.

இன்னொன்று. நான் நடத்தும் அறையில் யாரும் இல்லை. ஒரு கேமரா, ஒரு போர்டு, ஒரு ட்யூப்லைட். அங்கே படம் நின்றால் எனக்குத் தெரியாது. போன வாரம் டேட்டாபேஸ் பாடத்தை முழுதாக நடத்தி முடித்தபிறகு, கீழ்பென்னாத்தூர் லேபைப் பார்த்துக்கொள்ளும் அருணகிரி போன் செய்தார். "மேடம், படம் நின்னு ரொம்ப நேரம் ஆச்சு. பொண்ணுங்கல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றார். அதுவரை நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அருணாதேவி


எடிசன், நியூ ஜெர்சி.
28-6-2002

அருணா,

கிழித்துப் போடவில்லை. ஆனால் மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரவர்த்தி போன செய்தி கேட்டதிலிருந்து உனக்கு எத்தனை எழுதினேன்! ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாது. போன் செய்தால் உன் மாமியார் எடுத்து, "அவ யார்கிட்டயும் பேசறதில்ல" என்பார். இப்போது படம் நின்றதும் என் ஞாபகம் வந்திருக்கிறது. எழுதிவிட்டேன். இனி இதைப் பேசமாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பாடம் கீழ்பென்னாத்தூருக்கு ஒரே ஒரு பிரதியாகத்தான் போகிறது. அந்த அறையில் எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும், அங்கே இருக்கிற ரௌட்டர் அதை எல்லாருக்கும் விடுகிறது. ஆனால் பார்க்க ஆள் இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தால் லைன் வீண். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது அறையைப் பார்த்து, இந்தப் பாடம் யாருக்காவது வேண்டுமா என்று கேட்கும். ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் போதும். அதைக் கேட்ட மற்றவை சும்மா இருந்துவிடும். பதிலே வராவிட்டால், குறிப்பிட்ட நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று முடிவு செய்து நிறுத்திவிடும்.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கேட்பது, எத்தனை நேரம் பொறுப்பது, இந்த இரண்டும்தான் டைமர்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நீ சொல்கிற மாதிரிதான் ஆகும். நாலு நிமிஷம் என்றதுமே எனக்குச் சந்தேகம். இதோடு தனித் தாளில் மூன்று கட்டளைகள் எழுதியிருக்கிறேன். ரௌட்டரில் அவற்றை அடித்து, திரையில் வருவதை அப்படியே எழுதி அனுப்பு. எதையும் மாற்றாதே.

ஆபீஸ் ஈமெயிலுக்கு எழுதாதே. இந்த விலாசத்துக்கே எழுது. கடிதம் வந்தால் நன்றாக இருக்கிறது.

தென்றல்


வேங்கிக்கால்,
13-7-2002

அன்புள்ள தென்றல்,

கீழ்பென்னாத்தூருக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். உர மருந்துக் கடைக்கு மேலே மாடியில் சென்டர். உங்கள் வீட்டுத் தெரு வழியாகத்தான் போனேன். உள்ளே போகவில்லை.

நீ சொன்ன கட்டளைகளை அடித்தேன். திரையில் வந்ததைத் தனியாக எழுதி இணைத்திருக்கிறேன். ரௌட்டர் முந்நூறு விநாடிக்கு ஒருமுறை, அதாவது ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறது. லைனில் சத்தம் கம்மியாக இருக்கட்டும் என்று கான்ட்ராக்டர் கூட்டி வைத்தாராம். அருணகிரி சொன்னார். ஆனால் ரௌட்டர் பொறுத்துக்கொள்கிற நேரம் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது. அப்படியானால் நிற்கக்கூடாதே. எனக்குப் புரியவில்லை.

கம்ப்யூட்டர் கம்பிகள் எல்லாம் வந்து சேர்கிற சுவிட்ச் பெட்டியை மார்ச் மாதம் புதிதாக வாங்கிப் போட்டார்களாம். பழையது இருந்தவரை படம் நின்றதில்லை என்கிறார் அருணகிரி. இது உதவுமா தெரியவில்லை.

அங்கே படிக்கிற பெண்களைப் பார்த்தேன். பாதிப் பேர் அறுவடை முடிந்து வந்தவர்கள். திருவண்ணாமலை வரைக்கும் அனுப்ப மாட்டார்கள், அதனால்தான் இங்கே சேர்ந்தோம் என்றார்கள். படம் இப்படியே இருந்தால் கார்த்திகை தீபம் முடிந்ததும் இந்தக் கிளையை மூடிவிடுவோம் என்று கோதண்டராமன் சார் சொல்லிவிட்டார். கிளை போனால் நானும் தேவையில்லை. இந்த வேலையும் இல்லாமல் வீட்டில் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. மாமனார் மாமியார் மூத்த மகனோடு போய்விட்டார்கள். இரண்டு படுக்கையறை வீடு. ஓர் அறையைத் திறப்பதே இல்லை.

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மறந்துவிட்டேன். எப்படி இருக்கிறாய்?

அருணாதேவி


எடிசன்,
30-7-2002

அருணா,

சுவிட்ச் என்று எழுதினாயே, அந்த ஒரு வரிதான் விடை.

ரௌட்டரில் தப்பில்லை. அதற்கும் கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் இருக்கிற உங்கள் புது சுவிட்சும் இந்தக் கேள்வி பதிலை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எந்தக் கம்பியில் ஆள் இருக்கிறது என்று அதுவே ஒரு கணக்கு வைத்திருக்கும். நாலு நிமிஷமும் சொச்சமும் பதில் எதுவும் காதில் விழாவிட்டால் அந்தக் கம்பியை அடைத்துவிடும். ரௌட்டர் அடுத்த கேள்வியைக் கேட்பதோ ஐந்தாவது நிமிஷத்தில். அதற்குள் சுவிட்ச் அடைத்துவிடுகிறது. படம் வராததைப் பார்த்து உங்கள் பழைய கம்ப்யூட்டர்கள் தாமே பாடத்தை மூடிக்கொள்கின்றன. அதனால் பிறகு கேள்வி வந்தாலும் பதில் சொல்ல யாரும் இல்லை.

ரௌட்டர் கேட்கிற நேரத்தைப் பழையபடி இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை என்று குறைத்துவிடு. கட்டளை பின்பக்கம். என்னிடம் இப்போது தொட்டுப் பார்க்க ரௌட்டர் இல்லை, நினைவிலிருந்து எழுதுகிறேன். ஓர் எழுத்து முன்னே பின்னே இருந்தால் கேள்விக்குறி போட்டுப் பார், அதுவே சொல்லும்.

எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். நன்றாக இருக்கிறேன். இங்கே வெயில் ஜாஸ்தி. என்னோடு தங்கியிருந்த இரண்டு பெண்களும் காலி செய்துவிட்டார்கள். பகலில் இந்தக் கட்டடத்தில் என்னையும் தபால்காரரையும் தவிர ஆள் நடமாட்டம் இருக்காது.

தென்றல்


வேங்கிக்கால்,
19-8-2002

அன்புள்ள தென்றல்,

படம் நிற்கவில்லை. ஒரு மணி நேரப் பாடம் முழுதாகப் போயிற்று. முடிந்ததும் அருணகிரி போன் செய்து, பெண்கள் கைதட்டினார்கள் என்றார். எனக்குக் கேட்கவில்லை, ஆனாலும் அன்றைக்கு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

இந்த வாரம் வேறொன்று ஆரம்பித்திருக்கிறது. முன்பெல்லாம் முழுப் பாடமும் ஓடாததால் தெரியவில்லை போலிருக்கிறது. பின் வரிசையில் ஒரு பெண் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பாடத்தை மூடிவிட்டு எழுந்தால், அந்த வரிசையில் மிச்சமிருக்கிற எல்லாருக்கும் படம் போய்விடுகிறது. முன் வரிசைக்கு ஒன்றும் ஆவதில்லை. பின் வரிசைக்காரர்கள் எழுந்து போகிறவளைத் திட்டுகிறார்களாம்.

பகலில் வீட்டில் இருப்பதாக எழுதியிருந்தாய். வேலைக்குப் போகவில்லையா? உன் ஈமெயில் ஏன் திரும்பி வந்தது?

அருணாதேவி


வேங்கிக்கால்,
27-9-2002

தென்றல்,

போன மாதக் கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் போயிருக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

நான் கேட்டது தப்பென்றால் அதை விட்டுவிடு. பின் வரிசையையும் விட்டுவிடு. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு வரி போடு.

அருணாதேவி


கீழ்பென்னாத்தூர்,
11-10-2002

அருணா,

இன்லேண்டு லெட்டரில் எழுதுகிறேன். ஊரைப் பார்த்திருப்பாய்.

ஆகஸ்ட் கடிதம் கையில் கிடைத்தபோது பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். போன வருஷக் கடைசியிலேயே எங்கள் பிரிவை மொத்தமாக மூடிவிட்டார்கள். வேறொரு கம்பெனி விசாவுக்காகப் பெயருக்கு எடுத்துக்கொண்டு, வேலை வரும் வரை காத்திரு என்றது. வரவில்லை. நீ ரௌட்டர் பற்றிக் கேட்டபோது, நான் ரௌட்டரைத் தொட்டு அரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உன் கேள்விகளுக்குப் பதில் யோசித்த நாட்களில்தான் காலையில் நேரத்தோடு எழுந்தேன்.

வந்து ஒரு மாதம் ஆகிறது. லீவில் வந்திருப்பதாக அண்ணன் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், "எப்பம்மா திரும்பிப் போற?" முதலில் ஏதேதோ சொன்னேன். இப்போது வாசலில் ஆள் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்விடுகிறேன். அண்ணி கன்னியம்மாள் ஒன்றும் கேட்பதில்லை. சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்.

பின் வரிசை விஷயம். அந்த வரிசைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரு சின்ன ஹப்பில் சேர்ந்து, அங்கிருந்து ஒற்றைக் கம்பி சுவிட்சுக்குப் போகிறதா என்று அருணகிரியைப் பார்க்கச் சொல். அப்படித்தான் இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் விலகுகிறேன் என்று சொன்னதும், அந்தக் கம்பியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்காமலேயே சுவிட்ச் அடைத்துவிடுகிறது. அப்படி உடனே அடைக்கும்படி யாரோ அமைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால், விலகல் வந்ததும் இன்னொரு தடவை கேட்டு, கொஞ்சம் பொறுத்து, யாரும் இல்லை என்றால் மட்டும் நிறுத்தும்.

வந்து பார்க்கிறேன் என்று எழுதாதே. என்னால் யாரையும் பார்க்க முடியவில்லை.

தென்றல்


வேங்கிக்கால்,
21-10-2002

அன்புள்ள தென்றல்,

எழுதாதே என்றாய். எழுதாமல் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டுக்கு வந்தபோது உன் அண்ணி நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். "அவ திருவண்ணாமலைக்குப் போயிருக்கா. எப்ப வருவான்னு தெரியல" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. சக்கரவர்த்தி போனபிறகு ஒரு வருஷம் முழுக்க நானும் அப்படித்தான் இருந்தேன். வாசலில் வந்தவர்கள் என் மாமியாரிடம் பேசிவிட்டுப் போகும் வரை மூச்சுவிடாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். போனபிறகு, இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் மேலேயே ஆத்திரமாக வரும். அதனால் உன் அண்ணி இரண்டாம் முறை மோர் ஊற்றியதையும் குடித்துவிட்டு, பிறகுதான் கிளம்பினேன். அந்தப் பக்கம் உனக்குக் கேட்டிருக்கும்.

நீ சொன்ன மாதிரியே பின் வரிசைக்கு ஹப்தான். ஆனால் சுவிட்சுக்குள் போகப் பாஸ்வேர்ட் கேட்கிறது. அது கான்ட்ராக்டரிடம் இருக்கிறது. அவர் கடையையே மூடிவிட்டார். பாஸ்வேர்டை உடைத்து உள்ளே போக ஏதோ வழி இருக்கிறதாம், நேரில் கம்பி போட்டுத்தான் செய்யவேண்டுமாம். எனக்கு அது தெரியாது. தப்பாக எதையாவது அழித்துவிட்டால் ஓடுகிற பாதியும் போய்விடும். தீபத்துக்கு முன்னால் கோதண்டராமன் சார் கிளையைப் பார்க்க வருகிறார்.

உன்னைச் செய்யச் சொல்லி இதை எழுதவில்லை. தீபாவளிக்கு உங்கள் வீட்டில் ஆட்கள் வருவார்கள். சமாளித்துக்கொள்.

அருணாதேவி


கீழ்பென்னாத்தூர்,
8-11-2002

அருணா,

நீ வந்த அன்று கேட்டது. இரண்டாவது டம்ளரும் கேட்டது. நீ செருப்பு மாட்டிக்கொண்டு போகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. கதவுப் பக்கம் வரைக்கும் வந்து நின்றேன்.

தீபாவளி முடிந்த மறுநாள் அண்ணியிடம், உர மருந்துக் கடைக்கு மேலே ஒரு வேலை இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்றேன். அவர் எதுவும் கேட்காமல் பூ எடுத்துக் கொடுத்தார். கடைத்தெருவில் இரண்டு பேர் எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்டார்கள். போகப் போவதில்லை, வேலை போய்விட்டது என்றேன். ஒருவர், "அப்படியா? இங்க ஏதாச்சும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் விலையைக் கேட்கத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அருணகிரிக்கு நான் யார் என்று தெரியும் போல. சுவிட்சைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். வகுப்பு இல்லாத நேரத்தில் அதை அணைத்து, முன்பக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மறுபடி மின்சாரம் கொடுத்து, பழைய அமைப்பு அழியாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். முதல் தடவை பொத்தானைச் சீக்கிரம் விட்டுவிட்டதால் தப்பாகிவிட்டது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. உடனே அடைக்கிற அமைப்பை எடுத்துவிட்டேன்.

நேற்று உன் பாடத்துக்குப் போனேன். பின் வரிசையில் ஓரத்துக் கம்ப்யூட்டர். பக்கத்துப் பெண், "அக்கா, புதுசா சேர்ந்திருக்கீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். நடுவில் அவளைப் பாடத்தை மூடச் சொல்லிப் பார்த்தேன். என் திரையிலும் மற்றவர்கள் திரையிலும் நீ பேசிக்கொண்டே இருந்தாய்.

நீ மெலிந்திருக்கிறாய். போர்டில் எழுதும்போது முன்பு மாதிரியே கடைசி எழுத்தை மேலே இழுக்கிறாய். ஓர் இடத்தில் ஏதோ சிரிக்கும்படி சொன்னாய். இங்கே எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிப்புக்கு இடம் விடாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டாய். உனக்கு எப்படித் தெரியும்?

கடைசியில், சந்தேகம் இருந்தால் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்தபடி நின்றாய். இங்கே எல்லாரும் மூடிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். நான் மட்டும் மூடவில்லை. அருணகிரி சாவியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நீ போர்டைத் துடைத்தாய். பையை எடுத்தாய். மறுபடியும் வந்து கேமராவைப் பார்த்தாய். அந்தப் பெரிய அறையில் அதைத் தவிர பார்க்க உனக்கு எதுவும் இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ அணைக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தென்றல்


வேங்கிக்கால்,
11-11-2002

தென்றல்,

கோதண்டராமன் சார் இன்று கீழ்பென்னாத்தூருக்குப் போய் வந்தார். பின் வரிசையில் உட்கார்ந்து முழுப் பாடத்தையும் பார்த்தாராம். கிளை இருக்கும். சுவிட்சைச் சரி செய்தது யார் என்று கேட்டார். சொன்னேன். அந்த ஊர்ப் பெண்ணா, அங்கேயே ஓர் ஆசிரியை வேண்டுமே என்றார். உன்னைக் கேட்காமல் நான் எதுவும் சொல்லவில்லை. வேண்டாம் என்றாலும் சரி.

இன்று பாடம் எடுக்கும்போது சிரிப்பு வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தேன். பிறகு போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வா. கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த் தெரு, கடைசிக்கு முந்தின வீடு, பச்சை கேட். தீபக் கூட்டம் ஆரம்பித்துவிட்டது, பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வரவேண்டியிருக்கும். மூடியிருக்கிற அறையைத் துடைத்து வைக்கிறேன்.

அருணாதேவி


(மடித்த தாள், தபால் தலை இல்லை)

புதன்கிழமை சாயந்திரம்

அருணா,

ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருந்தாய். இன்று காலை கடிதம் வந்தது, மத்தியானம் பஸ் ஏறிவிட்டேன்.

வீடு பூட்டியிருக்கிறது. நீ இன்னும் வேலையில் இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா, தெரியும். எதிர் வீட்டு அம்மா வந்து யாரம்மா என்று கேட்டார். ஃப்ரெண்டு என்றேன். "அந்தப் பொண்ணு வீட்டுக்கு யாரும் வந்து நான் பாத்ததில்லையே" என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். உன் கேட்டுக்கு வெளியே அதில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எதற்கு எழுதுகிறேன் என்றால், இரண்டு தடவை எழுந்து ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை தைரியம் போய்ப் பஸ் ஏறிவிட்டாலும், வந்தேன் என்றாவது உனக்குத் தெரியட்டும். இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று இருந்தேன். ஆசிரியை வேலைக்கு என்ன பதில் என்றும் எழுத நினைத்தேன்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒருத்தி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறாள். நீதான். இன்னும் என்னைப் பார்க்கவில்லை.

இப்போது நின்றுவிட்டாய்.